முழங்காலின் பின்பக்கம்

கன்னியப்பனின் வண்டியில்
நாங்கள் நான்கு பேர், மாத வாடகை.
தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை
காலையில் ஒரு மணி நேரம்,
கன்டெய்னர் லாரி வரிசை நகர்ந்தால்.
நகராத நாளுக்குக் கணக்கில்லை.

மற்ற மூவரும் ஏறியதும் தூங்கிவிடுவார்கள்.
நான் தொங்கிக்கொண்டு வருவேன்.

சீட்டின் நுனி
என் கெண்டைக்காலில் வந்து முடியும்.
முதுகைச் சாய்த்தால் பாதம் அந்தரத்தில்.
பாதத்தை ஊன்றினால்
முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் காலியிடம்.
இரண்டில் ஒன்றுதான் உனக்கு என்று
எங்கேயோ யாரோ
ஐந்தடி பத்தங்குலக்காரனை உட்காரவைத்து
முடிவு செய்துவிட்டார்கள்.

பெல்ட்டோ
தோளை விட்டுவிட்டுக் கழுத்தைத் தேடும்.
எர்ணாவூர் மேம்பாலம் ஏறி இறங்கும்வரை
கட்டைவிரலால் அதைத் தள்ளிப் பிடித்திருப்பேன்,
நெரிசல் பஸ்ஸில்
அந்நியன் முழங்கையைத் தள்ளிப் பிடிப்பதுபோல.

முதலில் பழைய புடவையை மடித்துப் போட்டேன்.
இறங்குவதற்குள் அப்பளமாகிவிட்டது.
அப்புறம் தலையணை.
திருவொற்றியூர் தேரடியில்
ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே பாய
கன்னியப்பன் பிரேக்கை மிதித்தான்.
தலையணை இருந்த இடத்திலேயே இருந்தது.
நான் வழுக்கி
பெல்ட்டுக்கு அடியில் பாதி உடம்பாய்க் கிடந்தேன்.
பக்கத்து சீட் ஹேமாவதி விழித்துச் சிரித்தாள்.
நானும்தான்.
வயிற்றில் பெல்ட் ஏறிய இடம்
எட்டு நாள் ஊதாவாக இருந்ததை
அவளிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி முடிகிற வழியாய் இல்லை.
தாவூத் கடை ஓரமாக நிறுத்தினான் கன்னியப்பன்.
சீட் கவர், மேட், ஸ்பாஞ்ச்.
"அக்காவுக்கு ஏத்தா மாரி எதுனா பண்ணு பாய்.
வண்டிய மட்டும் வெட்டிறாத, டியூ முடியல."

தாவூத் என் உயரத்தைக் கேட்கவில்லை.
அதைத்தான் ஊரே கேட்டாயிற்றே.
பெண் பார்க்க வந்தவர்கள்
செருப்பைக் கழற்றி நிற்கச் சொன்னார்கள்.
ரேஷன் கடையில் ஒருமுறை
"பாப்பா, வூட்ல பெரியவங்கள அனுப்பு" என்றார்கள்.
எனக்கு அப்போது முப்பத்தி நாலு.

டேப்பின் ஒரு முனையை என்னிடமே கொடுத்து
இடுப்பில் பிடிக்கச் சொன்னார்.
மறுமுனை முழங்காலின் பின்பக்கம்.
பதினாறு.
அங்கிருந்து குதிகால்.
பதிமூன்றரை.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
பீடிக்கட்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

முழங்காலின் பின்னே மடிகிற அந்த இடத்துக்கு
என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.
இப்போது அதற்கு ஒரு எண் இருக்கிறது.

"மெத்துனு கேக்காதம்மா.
மெத்துனு இருந்தாத்தான் வழுக்கும்.
கெட்டியாப் போடறேன். மொத வாரம் திட்டுவ."

திட்டினேன்.

அழுத்தமான ஸ்பாஞ்ச்,
முன்பக்கம் ஒன்றரை விரல் தூக்கல்.
முதுகுக்கு வார் வைத்த ஒரு மெத்தை.
காலுக்குக் கீழே பிளைவுட் பெட்டி,
பிரேக் போட்டால் பறக்காமல்
சீட் கம்பியோடு கொக்கி.
உட்கார்ந்ததும் பெல்ட்
யாரும் சொல்லாமலே தோளுக்கு இறங்கியது.

மாலை ஷிப்டின் நெட்டை சூப்பர்வைசர்
தலை கூரையில் இடிக்கிறது என்று கத்தினாராம்.
அதனால் தினமும் அதைக் கழற்றி
ஸ்டெப்னி பக்கத்தில் படுக்கவைத்து
காலையில் என் தெருமுனையில்
மறுபடி மாட்டுவான் கன்னியப்பன்.
ஒரு கொக்கி ஏற்கெனவே தளர்ந்துவிட்டது.

ஜன்னலில் இதுவரை
கிரேன் உச்சியும் மின்கம்பியும்தான் எனக்கு.
இப்போது கருங்கல் தடுப்பும்
அதன்மேல் காயும் நெத்திலியும்
அதைச் சுற்றும் பூனையும்கூட.
இரண்டாம் வாரம் வரை எல்லாவற்றையும் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் ஒருநாள்
எண்ணூர் வந்து கண் விழித்தபோது
கண்ணாடியில் கன்னியப்பன் முறைத்துக்கொண்டிருந்தான்.

"நீயும் தூங்கிட்டா எப்டிக்கா?
இவ்ளோ நாளு உன் பேச்சுலதான்
நான் முழிச்சினு ஓட்டினேன்."