ஆறிய பிறகு

வட்டகொடை இறக்கத்தில், மூன்றாவது வளைவில்
ஈரச் சாக்கை மிதித்த மாதிரி
பெடல் உள்ளே போனது.
பின்னால் ஏழு பிள்ளைகள்
ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
இரண்டாம் கியர். முதலாம் கியர்.
ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க
கானோரத்து மண்மேட்டில் முட்டி நின்றது வேன்.
"ஒம்போதேழு அறுபத்திமூணு" என்றாள் ஒருத்தி.

வீட்டில் சொன்னேன்.
பாண்டித்துரை சாரத்தை மடித்துக் கட்டி
ஏறி உட்கார்ந்து மிதித்தார்.
மறுபடியும் மிதித்தார்.
"கல்லு மாதிரி இருக்கு. நீதான் பயந்துட்ட."

வண்டி அப்போது ஆறியிருந்தது.
வைத்தியரைக் கண்டதும்
இறங்கிவிடுகிற காய்ச்சல் இது.

டோர்ச்சோடு குனிந்தேன்.
நாலு சில்லின் உட்புறமும் விரலால் தடவினேன்,
ஒழுக்கில்லை.
பெடலை அமத்தியபடி நூறு வரை எண்ணினேன்,
இறங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர் மேல் பழியில்லை.
டப்பா மூடியைத் திறந்தால்
சாயம் கூடின பிளேன்டி நிறத்தில் எண்ணெய்.
"எப்ப மாத்தினது?"
அவர் தகரக் கூரையைப் பார்த்தார்.

நாலு மழைக்காலம்.
உப்பு தண்ணி விடுகிற, தீப்பெட்டி நமுத்துப்போகிற ஊரில்
பிரேக் எண்ணெய் மட்டும் சும்மா இருக்குமா?
பனிமூட்டத்தை இடுக்கு வழியே குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
இறக்கம் முழுக்க மிதித்த சூட்டில்
குடித்த தண்ணி கொதித்து ஆவியாகிவிட்டது.
எண்ணெயை நசுக்க முடியாது.
ஆவி நசுங்கும்.
அன்றைக்கு என் கால் போய் நின்றது
அந்த நசுங்கலில்தான்.

ஞாயிறு. சில்லுகளுக்குக் கல்,
ஜக்குக்குப் பக்கத்தில் சவுக்குக் கட்டை.
சேலைன் குழாயின் ஒரு முனை நிப்பிளில்,
மறுமுனை கிரீம் சோடா போத்தலில்.
தூரத்துச் சில்லு முதலில்: பின்பக்கம், இடது.
நான் கீழே, மல்லாக்க.
அவர் மேலே, பெடலில்.

வெள்ளிக்கிழமை இரவிலிருந்து பேசாத நாங்கள்
பேசிய சொற்கள் மூன்று.
"அமத்துங்க."
"புடிங்க."
நிப்பிளை இறுக்கிய பிறகு மட்டும்
"விடுங்க."

ஒரு தடவை நான் சொல்லுமுன் காலை எடுத்துவிட்டார்.
போத்தலிலிருந்து காற்று மேலேறிப் போனதைப் பார்த்தேன்.
எட்டாம் நம்பர் ஸ்பெனரைத் தரையில் வைத்தேன்,
கொஞ்சம் சத்தமாக.
"திருப்பி முதல்ல இருந்து" என்றார் அவரே.

கறுத்தது, மஞ்சளானது,
கடைசியில் குமிழில்லாத தெளிவு.
சிந்திய துளி கதவுப் பெயின்டைத் தின்றுவிட்டது,
தண்ணி ஊற்றுவதற்குள்.
அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பெரட்டுக்களத்தில் நடை வேகத்தில் ஐந்து சுற்று.
பிறகு, பிள்ளைகள் இல்லாமல்,
இறக்கத்துக்கு எடுத்தேன்.
அவர் பக்கத்துச் சீட்டில்.
கேட்காமல்தான் ஏறினார்.

மூன்றாவது வளைவு.
பெடல் பாதிக்கு முன்னமே பிடித்தது, கெட்டியாக.
பார்த்தால், அவர் வலது கால்
ஒன்றுமில்லாத வெறும் தரையை
விறைத்து அமத்திக்கொண்டிருந்தது.

"விடுங்க" என்றேன்.