தலையைத் தூக்காமல்

கம்பெனியில் எனக்குத் தெரிந்தது ஒரு பச்சை விளக்கு.
பத்து போல்ட்டையும் ஒரே மூச்சில் முறுக்கிவிட்டு
மெஷின் கண் சிமிட்டும்.
அடுத்த என்ஜின் வந்து நிற்கும்.
ஷிப்டுக்கு நானூற்று இருபது.
ஒன்றின் முகமும் நினைவில் இல்லை.

சூளகிரியில், தகரக் கொட்டகைக்குக் கீழே
எனக்கென்று ஒரே ஒரு என்ஜின்.
சீட்டுப் பணத்தில் எடுத்த டீசல் ஜீப்.
மாசியில் மேலுமலை ஏற்றத்தில்
வெந்நீர் கக்கிக்கொண்டு நின்றுபோனது.
அன்றைக்குக் கேஸ்கெட் புதிது வாங்கினேன்,
போல்ட் பழசையே போட்டேன்.
கஞ்சத்தனம், வேறென்ன.
இப்போது மூன்றாம் சிலிண்டர் ஓரம்
எண்ணெயும் தண்ணீரும் கூடி
டீக்கறை மாதிரி ஒரு கோடு.

ஆயுதபூஜைத் துணியில் சுற்றி
பத்து ஸ்டட் கொண்டுவந்தேன்,
லேத்து பட்டறை திம்மராஜ் கடைந்தது.
தலையைத் தூக்கினால் கேஸ்கெட் போச்சு.
அமுங்கிப் படுத்த தகடு
எழுந்தால் மறுபடி அதே இடத்தில் படுக்காது.
புதுசுக்கு ஆயிரத்து எண்ணூறு,
மட்டம் பார்க்க ஒசூரில் இரண்டு நாள்.
விடிகாலை மூன்று மணிக்கோ கொத்தமல்லி ஏற்ற வேண்டும்.

அதனால் ஒவ்வொன்றாக.
பந்தலைப் பிரிக்காமல் கால் மாற்றுகிற வேலை.
ஒன்று வெளியே, ஒன்று உள்ளே;
மற்ற ஒன்பதும் அதுவரை மூச்சைப் பிடித்திருக்கட்டும்.

பழைய போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்தால்
இடுப்பு இளைத்திருக்கிறது.
சுற்றுவதும் அதுதான், சுமப்பதும் அதுதான்;
இரண்டையும் ஒருத்தரே செய்தால் இழுபடத்தான் செய்யும்.
ஸ்டட் அப்படியில்லை.
விரலால் திருகி நிறுத்தினால் போதும்,
நிற்கும். சுற்றுகிற பாட்டை நட்டு பார்த்துக்கொள்ளும்.

அதே பல்பு வெளிச்சத்தின் மறுபாதியில்
ரத்னம்மா வாழைநாரால் கட்டுப் போடுகிறாள்.
ஈரத் தழை வாசம் டீசலுக்கு மேலே ஏறி நிற்கிறது.

ஆறாவது குழியில் பச்சைத் தண்ணீர் ஊறி வந்தது.
எனக்குக் கை நடுங்கிற்று.
வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இறங்குகிற குழி,
கம்பெனியில் அதை யாரும் சொல்லித் தரவில்லை,
அங்கே குழி என்பது ஒரு எண்.
துணி திணித்து உறிஞ்சி
மரையில் பசை தடவி இறக்கினேன்.

பத்தும் நின்றபின் கடைசிச் சுற்று.
நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்கும்,
பதினொன்று கிலோ.
கடன் வாங்கிய டார்க் ஸ்பானர்
அளவு வந்ததும் டக்கென்று ஒரு சொல் சொல்லும்.
சாக்பீஸில் எழுதிய எண்களை
என் முழங்கையே துடைத்துவிட்டிருந்தது.
எட்டைப் போட்டேனா, போடவில்லையா?
சந்தேகத்தில் மறுபடி முறுக்குவதும் ஆபத்து,
விடுவதும் ஆபத்து.
ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"ஏழு," என்றாள், தலை நிமிராமல்.
"என்ன ஏழு?"
"ஏழு டக்கு. ஒரு டக்குக்கு ஒரு கட்டு வெச்சேன்.
இதோ, ஏழு."

எண்ணிப் பார்த்தேன். அவள் முழங்காலருகே ஏழு கட்டு,
மற்றக் குவியலில் சேராமல் தனியாக.

மூன்று மணிக்கு ஏற்றினோம்.
கிருஷ்ணகிரியில் கட்டு இரண்டு ரூபாய்க்குக் கேட்டான்,
அப்புறம் ஒன்றேகால்.
பாதியை விற்றோம். மீதியை ரத்னம்மா தரமாட்டேன் என்றாள்,
"மாட்டுக்குப் போட்டாலும் போடுவேன், இவனுக்கு இல்ல."
ஆக, இறக்கத்தில் கொண்டுபோன சுமையில் பாதி
மேலுமலை ஏற்றத்தில் எங்களோடே திரும்பி வந்தது.

இரண்டாம் கியர். லாரிகளின் பின்னால் ஊர்ந்தோம்.
நான் முள்ளை மட்டும் பார்த்தேன்.
அது பாதியில் நின்றது.
அங்கேயே நின்றது.

உச்சியில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து
மூன்றாம் சிலிண்டர் ஓரம் விரலால் தடவினேன்.
சூடு. ஈரமில்லை.
நம்பாமல் அவளிடம் நீட்டினேன்.
முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"கொத்தமல்லிதான்."