ஒன்றன்பால்

ஃபஹாஹீல் சந்தையில் பதினேழாவது மேடை.
அரபிக்கு ஹாமூர், எங்கள் கரைக்குக் களவா.
எட்டு வருடமாக அறுக்கிறேன்.
சிறிய களவாவில் சினை இருக்கும்,
ஒன்றரை முழம் தாண்டினால் பால்.
இரண்டும் வேறு வேறு சாதி என்றுதான் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமைதோறும் டாக்டர் முனீரா வருவார்.
மீன் வாங்க மாட்டார்.
குடல் வாளியைக் கிளறி
வேண்டியதை மட்டும் குப்பியில் போட்டுக்கொள்வார்.
ஒருநாள் ஒரு துண்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
சினை வற்றிக்கொண்டிருக்கிறது,
பால் ஊறத் தொடங்கியிருக்கிறது,
ஒரே பையில்.
இது இப்போது எது என்று கேட்டேன்.
இப்போது இதுதான் என்றார்.
சுபைத்தி இதற்கு நேர் எதிராம்,
ஆணாய்த் தொடங்கிப் பெண்ணாய் முடியுமாம்.
அவர் நோட்டில் மூன்று கட்டங்கள்.

அன்று ராத்திரி எட்டுக் கட்டில் அறையில்
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் படுத்து
மீனைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று யோசித்தேன்.
கூடாது.
எனக்குள் எதுவும் ஊறவில்லை, வற்றவுமில்லை.
தாடி தினமும் ஒழுங்காக வந்துவிடுகிறது.
ரத்தம் எடுத்துப் பார்த்தால்
முனீராவும் ஆண் கட்டத்தில்தான் குறி போடுவார்.
ஆறு வயதில் எனக்குத் தெரிந்துபோன சேதி
ரத்தத்துக்கு இன்னும் தெரியவில்லை,
அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

அதுவோ அஃறிணை.
மாறுவதற்கு முன்னும் வந்தது,
மாறிய பின்னும் வந்தது.
ஓர் எழுத்துகூடச் செலவில்லை.
எனக்குத்தான் ஒவ்வொரு வினையின் வாலிலும்
ஓர் 'ஆன்'.
ததேயு வந்தான். ததேயு அறுத்தான்.
ததேயு இந்த மாதமும் பணம் அனுப்பினான்.

மேல்கட்டில் ஷஃபியுல், நவகாளிக்காரன்.
அவன் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
மனைவியிடம் போனில் என் குறட்டையைப் பற்றிப் புகார் சொல்லும்போது
'ஷே' என்கிறான்.
மனதில் எதுவும் வைத்துச் சொல்வதில்லை, பாவம்.
அந்த ஓர் எழுத்து இன்னொரு தரம் வருமா என்று
அவன் போனை வைக்கும்வரை விழித்துக் கிடப்பேன்.
அதுவரைக்கும் ஏது குறட்டை?

நாலரைக்கு ஐஸ் லாரி.
பனிப்புகைக்கு அந்தப் பக்கமிருந்து
சூப்பர்வைசர் அந்தோணிப்பிச்சை கேட்கிறார்:
"பதினேழு, ததேயு வந்தானா?"

நான் என்று தொடங்கும் வாக்கியத்தில்
தமிழ் என்னிடம் எதையும் கேட்டதில்லை.
கத்தியைக் கல்லில் இழுத்துக்கொண்டே சொல்கிறேன்:
"வந்தேன்."

அவர் ஒரு குறி போட்டுக்கொள்கிறார்.