எண்ணும் கை

டிசம்பர், திங்கள், இரவு எட்டு மணி.
ஹின்டர்மாட் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
ஊராட்சியின் ஐந்து பேர், ஒரு தண்ணீர்க் குடுவை.
சுவரில் விழுந்த வெளிச்சத்தில் ஒற்றைக் கேள்வி:
நீச்சல்குளக் கூரைக்காக
ஊர்வரியை மூன்று புள்ளி உயர்த்தலாமா?

வாக்கு எண்ண நான்கு பேர் வேண்டும்.
மூன்று பெயர் சுலபமாய் வந்தது.
நான்காவதுக்குத் தலைவி தாளை உற்றுப் பார்த்து
ஏணியில் ஏறுவதுபோல் ஏறினாள்:
தவ... பா... லன்.
யாரும் மறுக்கவில்லை.
என் கடவுச்சீட்டுக்கு வயது ஏழு மாதம்.
ஜன்னலோரம் ஏழு வரிசை எனக்கு.

கலாரஞ்சினி அந்த ஏழில் இல்லை.
வாக்கில்லாதவர்களுக்குத் தனியே போட்ட
ஆறு கதிரைகளில் ஒன்றில்,
பத்திரிகைக்காரப் பெடியனுக்குப் பக்கத்தில் அவள்.
இருபத்தொரு வருடம் இந்த ஊருக்கு வரி கட்டியவள்
கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கூரை ஒழுகுகிறது,
மாநிலம் கையை விரித்துவிட்டது
என்றாள் கணக்குப் பார்க்கும் ஏஷ்லிமான்.
ஒழுகினால் என்ன, குளத்துக்குள்தானே விழுகிறது
என்றது பின்வரிசை.
வூட்ரிக் எழுந்தார்:
'எனக்கு எழுபத்தாறு வயது. நீந்தத் தெரியாது.
இன்னும் மூழ்கவில்லை.'
சபை சிரித்தது. நானும்.
எனக்கும் நீந்தத் தெரியாது;
கடற்கரையில் பிறந்தவன் என்று
இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டேன்.
ஆண்டுக்கு நூற்றுநாற்பது பிராங்க்.
ஆஸ்பத்திரிச் சமையலறையில்
ஐந்து மணிநேரம் பெரிய சட்டி கழுவும் காசு.
வேண்டாம் என்றே முடித்திருந்தேன்.

'ஆதரிப்போர்.'
கைகள் எழுந்தன, மஞ்சள் அட்டைகளோடு.
ஜெர்மனில் சண்டை பிடிப்பேன்,
கனவில்கூட ஒருமுறை விலை பேசியிருக்கிறேன்;
எண்ணுவது மட்டும் தமிழில்தான் வரும்.
எண்ணத் தொடங்கினால்
எண்ணாமல் இருக்க முடியாத மொழி.
பதினொன்று, மருந்துக்கடைக்காரி, கை நடுங்குகிறது.
பன்னிரண்டு, நகத்தில் வெள்ளைச் சாயம் போகாத பெயின்டர்.
இருபத்துமூன்று, தோளில் குழந்தையோடு ஒருத்தி;
குழந்தையும் தூக்கியிருந்தது.
ஒன்றென்றே எண்ணினேன், மனமில்லாமல்.
முப்பத்தெட்டு.

'எதிர்ப்போர்.'
வூட்ரிக்கின் கை எல்லாவற்றுக்கும் மேலே.
இரண்டு விரல் மரவாளில் போனது.
அதுவும் ஒரு முழுக் கை.
நாற்பது.

கூட்டினார்கள்.
நூற்றுப்பதினேழு. நூற்றுப்பதினேழு.
தலைவி கண்ணாடியைக் கழற்றினாள்.
'எண்ணியவர்கள் உங்களையும் எண்ணினீர்களா?'
மூன்று தலைகள் ஆம் என்று அசைந்தன.

ஊரே திரும்பிப் பார்த்தது என் கையை:
பென்சிலோடு, அட்டையில்லாமல்,
கொதியெண்ணெய் இழுத்த வரியோடு.
அட்டை சட்டைப்பையில் இருந்தது,
மடிப்புக் கலையாமல்.

மறுபடி எண்ணச் சொன்னார்கள்.
இம்முறை முதலில் தூக்கினேன்.
ஆதரித்து.
ஏனென்று வழியில் கலாரஞ்சினி கேட்டாள்.
கை தூக்கினால் தெரியும் என்று நினைத்தேன்,
தூக்கிய பிறகும் தெரியவில்லை.

நூற்றிருபத்தொன்று. நூற்றுப்பதினாறு.
புகைக்கப் போன இருவர் திரும்பியிருந்தார்கள்.
யாரோ ஒருவர் மனம் மாறியிருந்தார்.
என் கை இல்லாமலும் கூரை நின்றிருக்கும்.

பாலம் தாண்டியதும் அவள் நின்றாள்.
'ஒரு கையுறை குறையுது.'
திரும்பி ஓடினேன், உறைபனியில் சறுக்கிச் சறுக்கி.
மண்டபத்தில் பாதி விளக்கு.
வூட்ரிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.
அந்த ஆறில் ஒன்றின்மேல்
ஐந்து விரலும் விரித்தபடி அது கிடந்தது.
மூன்று விரலால் எடுத்துத்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கேட்டார்:
'இது எந்தப் பக்கம்?'

பென்சில் இன்னும் என் காதில் இருந்தது.