கம்பிக்கு உள்ளே

செக்காலை ரோட்டில் எங்கள் கடன் சங்கத்துக் கூடம்
எந்தச் சொல்லையும் சும்மா விடாது.
தேக்கு உத்தரம், முட்டைப் பூச்சுச் சுவர்.
மேடையில் 'தீர்மானம்' என்றால்
மானம், ஆனம், னம் என்று
மூலைக்கு மூலை பதில் வரும்.

நல்ல காதுகளுக்கே அப்படி.
அரிசி மில்லில் பதினெட்டு வருஷம் நின்ற என் காதுக்கு
அது மூடி போட்ட உலை.

ஏழு பேரவைக் கூட்டங்களில் தலையாட்டியிருக்கிறேன்.
ஒரு தடவை இரங்கல் தீர்மானத்துக்குக் கைதட்டினேன்.
பக்கத்து நாற்காலியில் செத்தவரின் மைத்துனர்.
அதற்கப்புறம் அடுத்தவர் கையைப் பார்த்துத்தான்
என் கை எழும்.

இந்த வருஷம் மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை.
யாகப்பன் வந்தார்.
ஆத்தங்குடிக் கல் ஒன்றையும் கீறாமல்
சுவரோரமாகச் செம்புப் பட்டை ஒட்டிக்கொண்டே போய்
நிலைப்படிக்கு அடியில் நுழைத்து
புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தார்.
"அவ்வளவுதானா?"
அவர் சொன்னது கேட்கவில்லை.
என் காதுக் கருவியைத் தொட்டுக் காட்டி
காற்றில் ஒரு 'டி' எழுதினார்.

வாசலில் நீலப் பலகை: ஒரு காது, குறுக்கே கோடு.
கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து
காது குத்துகிற இடமா என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

டி-க்கு மாற்றினேன்.
முதலில் டியூப்லைட் சோக்கு, வண்டு மாதிரி.
பிறகு கூடமே காணவில்லை.
விசிறி இல்லை, இருமல் இல்லை, ஆனம் இல்லை.
செயலாளர் சாத்தப்பன்
என் மண்டைக்குள் உட்கார்ந்து வரவு செலவு வாசித்தார்.
அவருக்கு மூக்கடைப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
அழுகை வரும் என்று சொல்லியிருந்தார்கள்.
வரவில்லை.
தணிக்கைக் குறிப்பில் ஒரு கூட்டல் தப்பு வந்தது.

தேநீர் நேரம். ஒலிபெருக்கியை அணைத்தார்கள்.
யாகப்பனின் கம்பியையும் அணைக்க வேண்டும் என்று
யாருக்கும் தோன்றவில்லை.
மேசை மைக் விழித்திருந்தது.

தலைவர் சாய்ந்து சொன்னார்:
"பதினொண்ண மட்டும் மளமளன்னு வாசிச்சு விட்ரும்.
ஊரணிக்கரை மனைய மச்சான் பேருக்கு மாத்தியாகணும்.
பின்வரிசைக்கு என்னைக்குக் கேட்டிருக்கு?"

நூற்றிருபது பேர் வடை மென்றுகொண்டிருந்தார்கள்.
நாலு தலை நிமிர்ந்தது.

என்னுடையது ஒன்று.
ஜன்னலோரம் உண்ணாமலை ஆச்சி,
முந்தானையால் காதை மூடியே பார்த்திருக்கிறேன்.
ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஜைனுலாப்தீன்.
தூணுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு பெண்,
மடியில் கணக்கியல் புத்தகம்.
இத்தனை வருஷம் அவர்களும்
என் கையைப் பார்த்துத்தான்
கை தூக்கினார்களோ என்னவோ.

சாத்தப்பன் மளமளவென்றுதான் வாசித்தார்.
மூக்கடைப்போடு, ஒரு எழுத்து விடாமல், கேட்டது.
"எல்லாருக்கும் சம்மதந்தானே?"

எழுந்தேன். மைக் வேண்டும் என்றேன்.
டி-யில் இருக்கும்போது
மைக்கில் பேசினால்தான் என் குரல் எனக்கே வரும்.
"ஒமக்குத்தான் கேக்காதேய்யா" என்றார் தலைவர், சிரித்தபடி,
மைக்குக்குள்ளேயே.

"கேட்டது."
ஜைனுலாப்தீன் எழுந்தார்.
அந்தப் பெண் எழுந்து, தேதி போட்டு எழுதி வைத்திருந்த தாளை
மேசை மேல் வைத்தாள்.
ஆச்சி எழவில்லை, முட்டு வலி.
முந்தானையை மட்டும் காதிலிருந்து எடுத்தார்.

பதினொன்று ஒத்திவைக்கப்பட்டது. அவ்வளவுதான்.
அடுத்த கூட்டத்தில் மறுபடி வரும்.
அதற்குள் மைக்கை அணைக்கப் பழகிவிடுவார்கள்.

நன்றியுரை நடக்கும்போதே கிளம்பினேன்.
நிலைப்படி தாண்டியதும்
சாத்தப்பன் பாதிச் சொல்லில் அறுந்தார்.
ஒரு காலை உள்ளே வைத்தேன், இருந்தார்.
வெளியே, இல்லை.
உள்ளே.
வெளியே.
செருப்பைத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.