ஏழாவது கட்டம்

மனனாரா ஆற்றின் மேல்கையில்
பதினோரு ஊருக்கும் ஒரே மருத்துவச்சி
வுவாஹிரானா.
நான் நிலையத்தின் காவலாள்.
கரண்ட் கிடையாது, அதனால்
டார்ச் பிடிப்பதும் என் வேலைதான்.
சுவரைப் பார்த்து நின்றபடி
கையை மட்டும் பின்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும்.
நாலு வருஷத்தில்
அந்தச் சுவரின் விரிசல் எல்லாம் எனக்கு அத்துப்படி.
சத்தங்களும்.

இன்னொரு மருத்துவச்சி வருவாள் என்று
புயலுக்கு முந்தின வருஷம் கடிதம் வந்தது.
அவளுக்கு வாங்கிய கட்டிலில்
குளோரின் டப்பாக்கள் அடுக்கியிருக்கிறோம்.

வுவாஹிரானாவுக்கே மாதம் ஏறியபோது
உனக்கு யார் பார்ப்பார்கள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

அன்று வியாழன்.
எங்கள் பக்கம் வயலில் கால் வைக்கக் கூடாத நாள்.
பிள்ளைகளுக்கு அந்த விலக்கு இல்லை.
விடியுமுன்னே அவளுக்கு வலி கண்டுவிட்டது.
உச்சிக்கு ஒரு படகு வந்தது.
ஆறு மணி நேரம் துடுப்புப் போட்டு
சுவாவெலுவைக் கொண்டுவந்திருந்தார்கள்.
தலைச்சன்.
கால்தான் முதலில் தெரிந்தது.

தன் வலி வரும்போது
வுவாஹிரானா மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்,
பல்லைக் கடித்து எண்ணுவாள்.
போனதும் கையைக் கழுவிக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.
எத்தனை தடவை கழுவினாள் என்று
தண்ணீர் விழும் சத்தத்தை வைத்து
எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினான்கில் தவறவிட்டேன்.

அந்தப் பிள்ளை நீலமாக இருந்ததாம்.
நான் பார்க்கவில்லை.
ரொம்ப நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்லை.
பிறகு தும்மல் மாதிரி ஒன்று.
பிறகு அழுகை.

நஞ்சு விழுந்து,
துணி மாற்றி,
சுவாவெலுவைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு
அதே பாயில் அவள் படுத்தாள்.
"பெஸாரா" என்றாள்.
"திரும்பு."

நான் திரும்பியதைப் பற்றி
இங்கே சொல்வதற்கில்லை.
அவள் சொல்லச் சொல்லச் செய்தேன்.
என் கை நடுங்கியது, அவள் குரல் நடுங்கவில்லை.
கொடியைக் கட்ட நூல் பற்றாமல்
கொசுவலை ஓரத்தைக் கிழித்தேன்.

ராத்திரியே பதிவேடு எழுதினாள்.
ஏழாவது கட்டம்: பிரசவம் பார்த்தவர்.
காவலாள் என்று எழுதினால்
என் வேலை போய்விடும்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு தன் பெயரையே எழுதினாள்.

மாவட்டத்திலிருந்து பக்கம் திரும்பி வந்தது,
சிவப்பு மையில்:
"தாயும் பார்த்தவரும் ஒரே பெயர்.
எழுத்துப் பிழை. திருத்தி அனுப்பவும்."

திருத்த உட்கார்ந்தோம்.
அதற்குள் மேல்கையிலிருந்து படகு.
பிள்ளையை அவிழ்த்து
என் முதுகில் கட்டிவிட்டு உள்ளே போனாள்.
டார்ச்சை எடுத்தேன்.
சுவரைப் பார்த்தபடி நான்.
முதுகிலிருந்து பிள்ளை
எதைப் பார்த்ததோ,
அழவே இல்லை.