பந்தி

நெனிபாரி மண்ணைப் புரட்டுகிறாள்.
ஓகோனி நிலம்; ஆறாவது வாரம்.
குழாய் வெடித்த இரவில் கருத்த மண்
இன்னும் பிசுக்கென்று காலைக் கவ்வுகிறது.

தன் மரவள்ளிக்கு ஒருநாளும் வாங்க முடியாத யூரியாவை
இப்போது மூட்டை மூட்டையாகத் தூவுகிறாள்,
கண்ணுக்குத் தெரியாத வாய்களுக்கு.
கூலி நாலாயிரம் நைரா.
வெள்ளிக்கிழமை தருவார்களாம்.

"வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை"
என்றான் ஆய்வகத்து தும்லே.
"இங்கேயே கிடந்த பாக்டீரியாதான்.
கொஞ்சம் காற்று, கொஞ்சம் உப்பு, அவ்வளவே கேட்டன."

நாங்களும் இங்கேயே கிடந்தவர்கள்தான்.
அவள் சொல்லவில்லை.

ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.
எண்ணெய்தான்.
இரண்டாம் முறை முகர்ந்தாள்.
எண்ணெய்தான், ஆனால்
சற்று இளைத்திருக்கிறது.

அடுத்த மூட்டையின் வாயை
பல்லால் அவிழ்த்தாள்.
தின்னுங்கள்.
வெட்கப்படாமல் தின்னுங்கள்.